மூன்றாவது குடுவை

ஸ்டோர்க்காரருக்கு அந்த ஆய்வகத்தில் 'ரேடியோ' என்று பெயர். அவர் காதில் ஒன்று விழுந்தால் போதும், தேநீர் ஆறுவதற்குள் நாலு மேசைக்குப் போய்விடும். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்க மாட்டார். "கேட்டதைச் சொன்னேன், என் மேல என்ன தப்பு?" என்பார்.

அவர் புண்ணியத்தில் ஆராய்ச்சி மேடமும் அவருடைய உதவியாளரும் மூன்று வாரமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எதுவானாலும் துண்டுச் சீட்டுதான். உதவியாளர் மாற்றல் கேட்டு எழுதப்போகிறார் என்று காலையில் கேள்விப்பட்டதிலிருந்து ரேடியோவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பத்து வருடமாக அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர் உதவியாளர்.

கையுறைப் பெட்டியோடு உள்ளே போனபோது மேடம் இரண்டு குடுவைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டிலும் ஒரே அளவு காட்மியம் என்ற விஷம், ஒரே அளவு நானோத் தூள். தண்ணீர் மட்டும் வேறு வேறு. ஒன்றில் கடுகளவு நீர்த்தெள்ளுப் பூச்சிகள் எல்லாம் செத்துக் கிடந்தன. மற்றதில் துள்ளிக்கொண்டிருந்தன.

"தூளு விஷமா மேடம்?"

"தனியா இருந்தா, பாவம், ஒண்ணும் பண்ணாது. ஆனா தண்ணியில எங்கெங்கயோ சிதறிக் கிடக்கிற விஷத்தைத் தன்மேல ஒட்டிக்கிட்டு, மிதந்துபோய் நேரா இதுங்க வயித்துக்குள்ள இறக்கிடும்."

"அப்ப இந்தக் குடுவையில?"

"இதுல விஷத்தை வாங்கிக்கிட்டு அடியில போய் உக்காந்துடுச்சு. யாருக்கும் சேதாரமில்லை."

ரேடியோ கிளம்பும்போது மேடம் அலுத்துக்கொண்டார். "வெளியில இருக்காரே உங்க சிநேகிதர், அவருக்கு இருபது வரைக்கும் எண்ணக்கூடத் தெரியலை."

வெளியே உதவியாளர் ஒரு தாளைக் கையால் மறைத்தபடி நிமிர்ந்தார். மேடம் என்ன சொன்னார் என்று கேட்டார்.

ரேடியோவுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. செத்துக் கிடந்த பூச்சிகள் ஞாபகம் வந்தன. எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

"கையுறை சின்ன சைஸா இருக்காம்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லை." அதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

உதவியாளர் கையை எடுத்தார். மாற்றல் மனு இல்லை, எண்ணிக்கைத் தாள். அடியில் அவருடைய கையெழுத்தும் மேடத்தின் கையெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதில் 'ரேடியோ' என்று எழுதியிருந்த மூன்றாவது வரியில் ஒரு டிக் போட்டுவிட்டு, கதவுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"மேடம், மூணாவது குடுவையிலயும் தூள் அடியில உக்காந்துடுச்சு."