மணி கேட்கும் முகம்

என் கணவர் முகம் சுளிப்பதற்காக ஊரே காத்துக்கொண்டிருந்தது.

அவரவர் வீட்டிலேயே நடக்கும் மாலை ஜெபம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் கடைசி மணி அடிக்காமல் யாரும் எழக் கூடாது. எழுந்து தெருவில் கால் வைத்தால் ஊர்ச்சபைக்கு ஒரு பன்றி தண்டம்.

எங்கள் மணி என்பது தேவாலய முற்றத்தில் தொங்கும் பழைய கேஸ் சிலிண்டர். அதற்குப் பாய்களைச் சுற்றி, மேலே ஒரு மெத்தையையும் கட்டியிருக்கிறார்கள். எல்லாம் இவருக்காக.

என் கணவர் பெனியமினாவுக்கு ஆக்லாந்து நகரத்துத் தகர ஆலை சம்பளத்தோடு காதிரைச்சலையும் கொடுத்தனுப்பியது. காதுக்குள் ஓயாத ரீங்காரம். அது போதாதென்று, நான் கரண்டியைக் கீழே வைத்தாலே ஊசி குத்தியதுபோல் துடிப்பார். அமைதி தேடி எங்கள் தீவான சமோவாவுக்குத் திரும்பினால், வீட்டெதிரே சிலிண்டர். முதல் அடியிலேயே சுருண்டு விழுந்தார்.

போதகர் இரங்கினார். பாய் சுற்றிக்கொள்ளுங்கள், ஆனால் ஊரில் ஒருவருக்காவது மணி கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அவிழ்த்துவிடுவேன் என்றார். அவிழ்த்தால் இவர் மறுபடி ஆக்லாந்தில், மகள் வீட்டு மூலையில். பாதி ஆயுசு பிரிந்திருந்தது போதாதா?

பாய் சுற்றிய முதல் நாள் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இவர் முகம் மட்டும் சுளித்தது.

"அந்தா, அவருக்குக் கேட்டுருச்சு!" என்று பக்கத்து வீடு எழுந்தது. அதைப் பார்த்து அடுத்த வீடு. தூணும் கூரையும் மட்டுமே உள்ள எங்கள் சுவரில்லாத வீடுகள் அதற்காவது உதவின. அன்றிலிருந்து இவர் முகம்தான் ஊருக்கு மணி.

இன்று சுளிக்கவே இல்லை. சேப்பங்கிழங்கு அடிப்பிடிக்கும் வாசனை வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஒன்றுக்கு அடக்கிக்கொண்டு நெளிந்தார்கள். போதகர் தன் வீட்டிலிருந்து இரண்டு முறை கனைத்தார்.

திரும்பிப் பார்த்தேன். மனிதர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். ஊர் திரும்பியதிலிருந்து அந்த முகத்தில் இப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மணியடிக்கும் எலியா என்ன செய்கிறான் என்று முற்றத்தைப் பார்த்தேன். சுத்தியலை ஓங்கியபடி நின்றான். ஆனால் அவன் பார்வை சிலிண்டர் மீது இல்லை.

இவர் முகத்தின் மீது இருந்தது.

சீக்கிரம் அடித்தால் ஒரு வீடு திட்டும், தாமதித்தால் இன்னொரு வீடு திட்டும். படுபாவி, அந்தத் திட்டுக்குத் தப்பிக்க இவர் சுளித்த பிறகுதான் தினமும் அடித்திருக்கிறான்! இவரோ, வரப்போகும் அடிக்குப் பயந்தே சுளித்திருக்கிறார். ஊரில் ஒருவருக்கும் மணி கேட்டதில்லை.

போதகர் பாயை அவிழ்க்க எழப் பார்த்தார்.

மன்னித்துவிடு ராசா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, இவர் தொடையை நறுக்கென்று கிள்ளினேன்.

முகம் சுளித்தது. சுத்தியல் இறங்கியது. ஊர் எழுந்தது.

"இன்னைக்கு மணிய ரொம்பப் பலமா அடிச்சுட்டான்டி" என்றார், தொடையைத் தடவிக்கொண்டே.