தேல்யா

மகாராஷ்டிரத்தின் பாணேர் பகுதியில் இருந்த வீட்டு மாடியில் பன்னிரண்டு மாதுளைச் செடிகளும் கருகிவிட்டன.

"எல்லாம் தோட்டக்காரன் தத்தோபா எண்ணெயைக் கொட்டினதால. நல்லவேளை, அவனை நிறுத்திட்டேன்," என்றான் ஹரிபிரசாத்.

"எண்ணெய் இல்லை, பாக்டீரியா," என்றாள் இலையை லேபில் பார்த்துவிட்டு வந்த மனைவி ஸ்ரீவித்யா. "அது உடம்புல பசையும் முடி மாதிரி இழையும் இருக்கும். ஈரக் கை, துணி எதுல வேணா ஒட்டிக்கிட்டு அடுத்த செடிக்குப் போயிடும். மராத்தியில இந்த நோய்க்குப் பேரே தேல்யா. தத்தோபா முதல் நாளே சொல்லியிருப்பாரே?"

சொல்லியிருந்தார். ஒரே ஒரு தொட்டியைக் காட்டி, "தேல்யா, சாப்" என்றார். ஹரிபிரசாத்துக்குத் தெரிந்த இந்தியில் தேல் என்றால் எண்ணெய். அவரைத் திட்டி அனுப்பிவிட்டு, பன்னிரண்டு செடிகளையும் இலை இலையாக ஒரே ஈரத்துணியால் துடைத்தது அவன்தான்.