அவர்களுக்கும் ஒரு தட்டு

தென்கொரியாவின் தேகு நகர ஆய்வகத்தில் அன்று, சோதனைகளில் இறந்த விலங்குகளுக்கு ஆண்டு அஞ்சலி.

"களைக்கொல்லி உள்ள போனா யாரு பிழைச்சிருக்கா? பக்கத்து ரூம்ல நேத்தே மூச்சு வாங்கிட்டிருந்தாங்க. வைட்டமின் காப்பாத்துமாம். அவங்க பேர்லயும் ஒரு தட்டு படைச்சிடு," என்றபடி பேராசிரியர் சோங் ஊதுபத்தி ஏற்றினார்.

உதவியாளர் யொன்-சில் பேரிக்காயை நறுக்கித் தட்டு நிறைய வைத்தாள்.

அவர் வணங்க வந்தபோது அந்தத் தட்டு மட்டும் காலி.

"செத்தவங்க படையல்ல கை வெச்சது யாரு?"

"யாருக்குப் படைக்கச் சொன்னீங்களோ, அவங்களேதான் சார்."

"விளையாடுறியா?"

அவள் பக்கத்து அறைக் கதவைத் திறந்தாள். வைட்டமின் சி, ஈ கொடுத்த கூண்டுகளில் பேரிக்காய்த் துண்டுகளை இரண்டு கைகளாலும் பிடித்துக் கொறித்துக்கொண்டிருந்தன வெள்ளெலிகள்.

"அவங்க பேர்ல ஏத்தின ஊதுபத்தியை அணைச்சிடுங்க சார். இப்பத்தான் நுரையீரல் தேறியிருக்கு, புகை ஆகாது."