இலை காட்டிய இடம்

"ஆத்துல தேடுறத நிறுத்தச் சொல்லுங்க ஷெரிஃப். அவரு அங்க இல்ல."

ரோவீனா சொன்னதை ஷெரிஃப் டால்ட்டன் நம்பவில்லை. அவள் கணவன் ஹார்லன் மீன் பிடிக்கப் போய் மூன்று நாளாகிறது. வண்டி ஆற்றங்கரையில் நிற்கிறது. படகு கவிழ்ந்து மிதந்தது. கூடப் போன நாய் மட்டும் இன்று காலை தனியாக வீடு வந்து சேர்ந்தது.

"எனக்கும் நம்பத்தான் ஆசை ரோவீனா. ஆனா படகு கவுந்திருக்கே."

"கட்டாம விட்டிருப்பாரு, காத்துல போயிருக்கும். இதப் பாருங்க, நாயோட முடியில சிக்கியிருந்துச்சு." ஒரு சின்னக் கிளையை நீட்டினாள்.

"சேஜ் செடி. ஐடஹோவுல எங்க திரும்பினாலும் இதுதானே?"

"எல்லாம் ஒண்ணில்ல. உள்ள வாங்க."

கல்லூரியின் உலர்தாவரக் காப்பகம் அவள் பொறுப்பில் இருந்தது. அலமாரி அலமாரியாக, தாளில் ஒட்டிய காய்ந்த செடிகள். இரண்டு கிண்ணத் தண்ணீரில் இலைகளைக் கிள்ளிப் போட்டாள். அறையை இருட்டாக்கி, புற ஊதா விளக்கைப் பிடித்தாள். ஒரு கிண்ணம் மங்கிக் கிடந்தது. இன்னொன்று நீலமாக ஒளிர்ந்தது.

"மங்கலா இருக்கறது ஆத்தங்கரையில பறிச்சது. நீலமா இருக்கறது நாய் கொண்டுவந்தது. இது வேற கிளையினம். பனி தேங்குற உசரத்துலதான் வளரும்."

அந்தக் கிளையினத்தின் தாள்களை மேசையில் பரப்பினாள். பறித்த இடம் எல்லாவற்றிலும் ஒன்றே: கூப்பர் முகடு.

"இந்த வட்டாரத்துல வேற எங்கயும் இது கெடைச்சதில்ல. மானைப் பாத்துட்டு மேல ஏறியிருப்பாரு. காலு கீலு ஒடிஞ்சு கெடக்காரோ என்னவோ. நேத்து அங்க பனி கொட்டியிருக்கு ஷெரிஃப். இப்பவே போங்க."

டால்ட்டன் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் அவர் திரும்பியபோது ரோவீனா கம்பளிப் போர்வையோடு வாசலில் நின்றிருந்தாள்.

"கெடைச்சாரா?"

"கெடைச்சாரு. நீங்க சொன்ன அதே முகடு."

"உயிரோடதானே?"

"ஒரு கீறல்கூட இல்ல."

அவள் படியில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அதில் யாரும் இல்லை.

"எங்க அவரு? ஆஸ்பத்திரியிலயா?"

டால்ட்டன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அங்க ஒரு மரவீட்டுல, வேற ஒரு பொம்பளையோட இருக்காரு. படகக் கவுத்து விட்டதே அவருதானாம். 'ஆத்துல செத்துட்டேன்னே அவகிட்ட சொல்லிடுங்க'ன்னு என் கையப் பிடிச்சுக் கெஞ்சினாரு."