எழுத்து எந்தப் பக்கம்?

"பாருங்க, இன்னிக்கும் எழுத்தை நம்ம வாசலைப் பார்த்தே போட்டிருக்கா."

மசிகா அடுப்பை விட்டுவிட்டு வந்து காட்டினாள். பல் துலக்கிக்கொண்டிருந்த அவள் கணவன் நசோரோ நிமிர்ந்து பார்த்தான். முற்றத்துக் கொடியில் எதிர்வீட்டு ரிசிகியின் சிவப்புக் காங்கா துணி காற்றில் ஆடியது. அதன் ஓரத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வரி:

'ஓயாத வாய், எரியாத அடுப்பு.'

தான்சானியாவின் டாங்கா ஊரில் காங்கா எடுக்கப் போகிற பெண்கள் நிறத்தை அப்புறம்தான் பார்ப்பார்கள். முதலில் ஓரத்து வாசகத்தைப் படிப்பார்கள். மாமியாரிடமோ சக்களத்தியிடமோ வாய்விட்டுச் சொல்ல முடியாததை அந்தத் துணி சொல்லிவிடும். கேட்டால், 'துணிதானே, நானா சொன்னேன்?' என்று போய்விடலாம்.

"துவைச்சா காயப்போட வேண்டாமா?" என்றான் நசோரோ.

"அவ வீட்டைப் பார்த்துப் போடட்டுமே. கொடிக்கு ரெண்டு பக்கம் இருக்கில்ல?"

"உன்னைத்தான் சொல்றான்னு என்ன நிச்சயம்?"

"இந்த முற்றத்துல அடுப்பை வச்சுப் பிழைக்கிறது யாரு? வாயாடின்னு பேரெடுத்தது யாரு?"

இரண்டு கேள்விக்கும் நசோரோவுக்குப் பதில் தெரியும். வாய் கொப்பளிக்கப் போய்விட்டான்.

மசிகா விடவில்லை. "குடிவந்த புதுசுல அக்கா, அக்கான்னு ஒட்டிக்கிட்டுக் கிடந்தா. பிள்ளை பொறந்ததுக்கு சோப்பு, எண்ணெய், துணிமணின்னு ஒரு பொட்டலம் கட்டிக் குடுத்தேன். வாங்கினதிலிருந்து முகம் குடுத்துப் பேசறதில்ல. நல்லதுக்குக் காலமில்ல."

தேங்காய்ப்பால் விட்டுச் சுடும் அரிசிப் பணியாரம் விற்பது மசிகாவின் பிழைப்பு. தெருமுனையில் அடுப்பை வைத்துவிட்டால் கையும் ஓயாது, வாயும் ஓயாது. யார் வீட்டுக் கல்யாணம், எந்தப் படகில் என்ன மீன், எல்லாம் அங்கே கிடைக்கும். அதற்காகவே வந்து நிற்கிறவர்கள் உண்டு.

அந்தத் துணியைப் பார்த்த நாளிலிருந்து அவள் அங்கே வாயைத் திறப்பதில்லை. ஏதாவது சொல்ல வாயெடுத்தால், 'நான் அவ்வளவு பேசுறேனா?' என்று அந்த வரி வந்து முன்னால் நின்றது. அதையே நினைத்துக்கொண்டு திருப்பிப் போட மறந்ததில் பணியாரமும் கருகியது.

"உடம்புக்கு என்னக்கா?" என்று கேட்டான், பைக்கில் சவாரி ஏற்றுகிற மகாமே.

"ஒண்ணுமில்ல."

"நீங்க பேசாம குடுத்தா தொண்டையில இறங்க மாட்டேங்குது. பல்லு வலியா?"

"ஒண்ணுமில்லங்கறேன்ல."

மறுநாள் மகாமே வண்டியை அடுத்த தெரு ரொட்டிக்காரியிடம் நிறுத்தினான். அவன் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். மசிகா பாதி மாவோடு வீட்டுக்குத் திரும்பிவந்தாள்.

"அவ வாய் பலிச்சிடுச்சு," என்றாள் கணவனிடம். "அடுப்பு அணைஞ்சிடுச்சு."

"பேசினதுனாலயா அணைஞ்சுது? பேச்சை நிறுத்தினதுனால."

"உங்களை யாரு கேட்டா?"

நேராகத் துணிக்கடைக்குப் போனாள்.

"பதில் சொல்ற மாதிரி ஒரு காங்கா வேணும்."

ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்துப் பார்த்தாள். கடைக்காரருக்கு ஆச்சரியம்.

"என்னம்மா, இன்னிக்கு எழுத்தெல்லாம் படிக்கறே? ஊர்க்கதை பேசிக்கிட்டே நிறத்தை மட்டும் சொல்லுவே, நான் காகிதத்துல சுத்தித் தருவேன், வாங்கிட்டு ஓடுவே."

"இப்பதான் பேச்சை விட்டாச்சே. படிக்க நேரம் கிடைக்குது."

நீலத்தில் ஒன்று அகப்பட்டது. 'உன் வாசலை முதலில் கூட்டு.'

காலையில் அதை நனைத்து, எழுத்து ரிசிகி வீட்டைப் பார்க்கிற மாதிரி கொடியில் விரித்துவிட்டு, பணியாரச் சட்டியைத் தேய்க்கிற சாக்கில் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

ரிசிகி வாளியோடு வெளியே வந்தாள். காங்கா ஜோடியாகத்தான் விற்கும்; சிவப்பு ஜோடியில் ஒன்று வாளியில் கிடந்தது. இன்னொன்றில் குழந்தையை முதுகில் கட்டியிருந்தாள். நீலத் துணியைப் படித்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

"இன்னொண்ணா, அக்கா?"

அவள் குரலைக் கேட்டே ரொம்ப நாளாகியிருந்தது.

"என்ன இன்னொண்ணு?" என்றாள் மசிகா.

"வாசலை தினமும் கூட்டத்தானே செய்யறேன். முதல்ல சொன்னதுக்கு வாயையும் மூடிக்கிட்டேன். மூத்தவங்க, காரணமில்லாம சொல்ல மாட்டாங்கன்னு."

"நான் எப்ப உன்னை என்ன சொன்னேன்? தினமும் என் வாசலுக்கு நேரா எழுத்தைக் காட்டறது நீ."

ரிசிகி முதுகில் கட்டியிருந்த துணியின் ஓரத்தைத் தடவினாள்.

"எழுத்து என் பக்கம் இருந்தா, பாப்பாவைக் கொஞ்சக்கூட வாய் வர மாட்டேங்குதுக்கா. அதான் திருப்பிப் போடறேன். கட்டாமலே இருந்துடலாம். ஆனா இவ பொறந்ததுக்கு நீங்க பொட்டலத்துல வச்சுக் குடுத்த துணியாச்சே."