துணி மூடிய கூடை

"பலெர்மோவிலேயே நாகரிகம் அடைஞ்ச நாக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அது என் வாயில இருக்கு."

கல்லூரி கேன்டீனில் மேசைமேல் ஏறி நின்று இப்படி அறிவித்தவன் காஸ்பரே. கன்றுக்குட்டியின் கழிவுக்கறியை மூடிய கூடையிலிருந்து வாங்கித் தின்பவன் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்தே நீக்க வேண்டும் என்று ஒரு தீர்மானமும் போட்டான். கைதட்டலோடு நிறைவேறியது.

அந்தக் காஸ்பரே இப்போது பட்டப்பகலில், பல்லாரோ சந்தையில், அதே கூடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் துல்லியோ. காதலி நெரீனாவின் அப்பா. வடக்கே திரியெஸ்தேயிலிருந்து ஊர் பார்க்க வந்தவர், கல்யாணத்துக்குச் சம்மதமா இல்லையா என்று இன்றைக்குச் சொல்லிவிடுவார்.

"அப்பாவுக்கு அந்தந்த ஊர்ச் சாப்பாடுன்னா உயிர். அவர் வாங்கிக் கொடுத்ததை நீ வேண்டாம்னு சொன்னே, நம்ம கதை முடிஞ்சுது" என்று நெரீனா எச்சரித்து அனுப்பியிருந்தாள்.

காலையில் கப்பூச்சின் துறவிகளின் மடத்து நிலவறையில், கோட்டுப் போட்டு நிற்கும் காய்ந்த பிணங்களுக்கு நடுவே துல்லியோ நிதானமாக உலாவினார். அடுத்து மண்ணீரல் ரொட்டிக் கடை. வாயில் வைப்பதற்கு முன்பே "பிரமாதம்!" என்றார்.

"ரெண்டு பொட்டலம்" என்றார் இப்போது.

கூடைக்காரர் தானோ துணிக்கு அடியில் முழங்கை வரை கையை விட்டார். உள்ளே ஏதோ சளக்கென்றது. வெளியே வந்த கையிலிருந்து பன்றிக்கொழுப்பு சொட்டியது. காகிதத்தில் விழுந்தவற்றில் ஒன்று காது மாதிரி இருந்தது, இன்னொன்று ஈறு மாதிரி.

"உள்ள என்னதான்ணே இருக்கு?" காஸ்பரே ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"முப்பது வருஷமா விக்கிறேன், நானே துணியைத் தூக்கிப் பார்த்ததில்ல. உனக்கென்னடா அவசரம்? பிடி!"

காஸ்பரே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விழுங்கினான். துண்டு தொண்டையில் நின்று, யோசித்து, இறங்கியது. கண்ணைத் திறந்தபோது துல்லியோவின் காகிதம் காலி.

"பிரமாதம்! இன்னொண்ணு?"

"வா... வாங்குங்க சார்."

அவருடைய கோட்டுப் பையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. நெரிசலில் எவனோ கை துடைத்துவிட்டுப் போயிருக்கிறான், இந்தச் சந்தையே இப்படித்தான் என்று காஸ்பரே முகம் சுளித்தான்.

இரண்டாவது பொட்டலத்தில் தானோ மிளகுத்தூள் தூவி எலுமிச்சை பிழிந்தார். மூன்றாவதில் காஸ்பரே கண்ணை மூட மறந்துவிட்டான். காகிதத்தை நக்கியது ஞாபகமறதியில் சேராது.

திடீரென்று துல்லியோ அவன் கையைப் பிடித்துத் தக்காளி வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போனார். முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, இதுக்கு மேல என்னால நடிக்க முடியாது. வேண்டாம்னு சொன்னா நீ மனசு கஷ்டப்படுவேன்னு நெரீனா சொன்னா. நான் ஒரு வாய்கூடத் தின்னல. எனக்கு வாங்கினது எல்லாம் இந்தப் பையிலதான் கிடக்கு."

காஸ்பரேவின் பார்வை பையிலிருந்த எண்ணெய்க் கறைக்குப் போனது.

"இந்தக் கண்றாவியைத் தின்ன வாயால நாளைக்கு ஒருத்தன் என் பேரப்பிள்ளையைக் கொஞ்சுவான்னு நினைச்சாலே வயித்தைப் புரட்டுது. நீயும் எனக்காகத்தானே கஷ்டப்பட்டு விழுங்கினே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு தம்பி. இப்பவே சம்மதம்."

ஒரே ஒரு வார்த்தை. காஸ்பரே வாயைத் திறந்தான். கண் மட்டும் அந்தக் கோட்டுப் பையை விட்டு நகர மறுத்தது. தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"சார், அதுல எலுமிச்சை பிழிஞ்சிருக்கா?"