நாலில் ஒரு பங்கு

2025 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழே கால் மணி. வடக்குப்பட்டில் காற்று அசையவில்லை; வானம் மூடிக் கிடந்ததே தவிர, பெய்யும் எண்ணம் எதுவும் அதனிடம் தெரியவில்லை.

கிணற்றுப் பங்கை விற்க வந்து நின்றவளைப் பார்த்ததும் எழிலரசன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான். வாரில் ஒரு குறையும் இல்லை.

ஜோதி. ஒரகடத்துத் தொழிற்சாலையில் அவன் சூப்பர்வைசராக இருக்கும் லைனில் ஒப்பந்தத் தொழிலாளி.

தரகர் பெயரைச் சொல்லவில்லை. ‘ஒரு பொம்பளையோட பங்கு, நாலுல ஒண்ணு, வில்லங்கம் கெடையாது’ என்றதோடு சரி. அவனும் கேட்கவில்லை. கிணற்றை ஒட்டி ஓர் ஏக்கர் வாங்கியிருந்தான். இரண்டு முறை ஆழ்துளைக் கிணறு போட்டும் புழுதிதான் வந்தது. இந்தப் பங்கு கிடைக்காவிட்டால் அவன் வாங்கியது நிலமாகாது, நான்கு எல்லைக்கல்தான்.

அவளுக்குத் தன்னை அடையாளம் தெரியக் கூடாது. தெரிந்தால் கையெழுத்து விழாது.

தெரியாது என்று நம்ப இடமிருந்தது. லைனில் எல்லாருக்கும் முகக்கவசம், தலைக்குத் தொப்பி. கண்கள் மட்டும்தான் வெளியே தெரியும். அவளைத் தான் கண்டுகொண்டதும் அந்தக் கண்களை வைத்துத்தான் என்பதை அவன் யோசிக்காமல் விட்டான்.

“வாங்க சார்” என்றாள் ஜோதி. யாரையும் அப்படித்தான் அழைப்பாள் போலிருந்தது.

மற்ற மூன்று பங்குக்காரர்களின் சார்பில் வந்திருந்த ஐயனார் கிணற்றின் சட்டத்தைச் சொன்னார். அவரவர் முறையில் பங்குக்காரரோ வீட்டாரோ நேரில் வந்து மோட்டார் போட வேண்டும். கூலியாள் வந்தால் முறை செல்லாது. கூலியாளுக்கு அடுத்தவன் பயிர் கண்ணில் படாது. யாருக்காகவும் இதை மாற்றியதில்லை.

எழிலரசன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கவனம் முழுவதும் அவள் கண்களைத் தவிர்ப்பதில் இருந்ததால் எதையும் திருப்பிக் கேட்கவில்லை.

“தண்ணி லாரிக்காரன் இன்னும் கூடத் துட்டு தர்றேன்னு நாயா அலைஞ்சான் சார்” என்றார் ஐயனார். “இந்தப் பொண்ணு அசையல. உங்க பேரைத் தரகர் சொன்னதுல இருந்து, அந்த சாருக்குத்தான் குடுப்பேன்னு ஒத்தக் கால்ல நின்னுகினு கீது.”

பயிர் வைப்பவன் கைக்குப் போகட்டும் என்று நினைத்திருப்பாள். எழிலரசனுக்கு மூச்சு சீரானது.

“அப்புறம் ஏன் விக்கறாங்க?” பேச்சுக்குக் கேட்டுவைத்தான். கேட்டிருக்க வேண்டாம்.

“அத்த ஏன் கேக்கறீங்க! கம்பெனில எவனோ சூப்பர்வைசராம். செவ்வாக்கெழம பகல்ல இதுக்கு மொற. அன்னிக்கு மட்டும் செகண்ட் ஷிப்ட் போடுன்னு கேட்டுக்கீது. மாட்டேன்ட்டானாம். ரெண்டு போகம் வேர்க்கடலை காஞ்சி கருவாடாப் பூடிச்சி. அவன் வூட்டுக் கொழாயில காத்துதான் வரணும், சொல்ட்டேன்!”

எழிலரசன் சிரித்தான். சிரிக்க வேண்டிய இடம் அது. ஜோதி சிரிக்கவில்லை.

மறுத்ததோடு விட்டிருந்தாலும் இவ்வளவு கூசியிருக்காது. ‘பொழப்பு கம்பெனியிலயா, கெணத்துலயா?’ என்று லைன் முழுவதும் கேட்கும்படி கேட்டிருந்தான். லைன் சிரித்தது. நல்ல பதில் என்று அவனுக்கே பட்டதால், பள்ளி ஆசிரியையான மனைவி கவிப்பிரியாவிடம் அன்று மாலை அதை நடித்தும் காட்டினான்.

‘அது நான்தான்’ என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. ஓர் ஏக்கர் நிலம் அதைத் திருப்பி அனுப்பியது.

சம்மதப் பத்திரத்தில் மற்ற மூவரும் முன்பே கையெழுத்திட்டிருந்தார்கள். பம்ப் ஷெட் சுவரில் தாளை வைத்து ஜோதி எழுதினாள். சொரசொரப்பான சுவர், எழுத்து நடுங்கினாற்போல் விழுந்தது. கை நடுங்கவில்லை.

தன் முறைக்கு மோட்டார் போட ஐயனார் உள்ளே போனார். இரைச்சல் எழுந்தது. அவள் தாளைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“செவ்வாக்கெழம உங்களுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆச்சே சார்” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. “வாராவாரம் எதுக்கு லீவுன்னு நம்ம மேனேஜரு கேப்பாரு. தண்ணி மொறைன்னே சொல்லுங்க.”

அதில் இருந்தது கேலியா, யோசனையா என்று அறிய அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவனால் நிமிர முடியவில்லை.

அவள் தாளை நீட்டினாள். எழிலரசன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.